கேம்பர் வேனில் குடித்தனம்: போகும் முன் பார்க்க வேண்டியவை

படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேனில் குடியேறலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன விசாவுல இருக்கீங்க?" என்பதுதான். சோலார் பேனல், மெத்தை அளவு, எந்தக் கடற்கரையில் நிறுத்தலாம் என்று ஆசையோடு வந்தவர்களின் முகம் சுருங்கிவிடும். ஆனால் பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேலை விசாவில் இருந்தால் உங்கள் வீட்டு முகவரியை நிறுவனம் பதிவில் வைத்திருக்க வேண்டும். மாறினால் அதையும் சொல்ல வேண்டும். கணவன் அல்லது மனைவி வழியாக வந்த விசா என்றால் சிக்கல் இன்னும் கூடும். இருவரும் சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள்தான் சாட்சி. தங்குவதற்குப் போதுமான இடம் இருக்கிறது என்றும் காட்டியாக வேண்டும். வேனையே வீடாகக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், வக்கீல் செலவையும் அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். நானும் என் கணவரும் குடியுரிமை கிடைத்து, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்.

நான் ஏஜென்சி நர்ஸ். சில மாதம் ஒரு மருத்துவமனை, சில வாரம் இன்னொன்று என்று ஊர் ஊராக ஓடும் வேலை. அவருக்கு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும். ஒவ்வொரு ஊரிலும் அறை தேடி அலுத்துப்போய்த்தான் இந்த முடிவுக்கு வந்தோம். சேதி கேட்ட அம்மா போனில் முதலில் கேட்டது, "ஏண்டி, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரா?"

வாடகை மிச்சம்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிச்சம்தான், சந்தேகமில்லை. ஆனால் வீடு என்பது நமக்குத் தெரியாமலேயே நாலு வேலை செய்துகொண்டிருக்கிறது: தண்ணீரைக் கொண்டுவருகிறது, கழிவைக் கொண்டுபோகிறது, ஈரத்தை வெளியே அனுப்புகிறது, தபாலை வாங்கி வைக்கிறது. வேனில் இந்த நாலும் நம் தலையில் விழும், அதுவும் தினமும். இதற்கு மனசும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

தபாலை முதலில் முடித்துவிடுகிறேன். ஓட்டுநர் உரிமத்திலும் வண்டிப் பதிவிலும் உங்களை எட்டக்கூடிய ஒரு முகவரி இருக்க வேண்டும். மாறியதைத் தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. வங்கியும் முகவரி கேட்கும், வேலை தருபவரும் கேட்பார். நாங்கள் லூட்டனில் இருக்கும் என் அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறோம். கடிதம் வந்தால் அண்ணி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தனியாக வாழும் தோழியின் முகவரியை வாங்குவதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். தனியாக இருப்பவருக்கு கவுன்சில் டாக்ஸில், அதாவது உள்ளாட்சி வீட்டு வரியில், 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. உங்கள் பெயருக்கு அங்கே கடிதங்கள் குவிந்தால், இன்னொருவரும் குடியிருக்கிறாரா என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். ஜிபியிடம், அதாவது பகுதி மருத்துவரிடம், பதிவு செய்ய மட்டும் முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பில் இருப்பவர் கேட்டாலும், அது இல்லாமலே பதியலாம் என்று தயங்காமல் சொல்லலாம், விதி அப்படித்தான்.

அடுத்து வண்டி. வெறும் வேனை வாங்கி நாமே பலகை அடித்து மாற்றுவதா, யாரோ மாற்றியதை வாங்குவதா என்பது அவரவர் கைத்திறன். நாங்கள் மாற்றியதைத்தான் வாங்கினோம். அதில் உள்ள தொல்லை, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அழகான மரப்பலகைக்குப் பின்னால் ஈரம் கோத்து, தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம். மாற்றியவர் வேலையின் நடுவே எடுத்த படங்களைக் கேளுங்கள். வயர் எப்படிப் போகிறது, எங்கே ஃபியூஸ், என்ன இன்சுலேஷன் போட்டார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். படமே இல்லை என்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

எடையை யாரும் யோசிப்பதில்லை. 1997 சனவரி 1-க்குப் பிறகு தேர்வு எழுதி வாங்கிய சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோ வரையிலான டீசல் வண்டியைத்தான் ஓட்டலாம். இது வண்டியும் சாமானும் ஆட்களும் சேர்ந்த மொத்தக் கணக்கு. கட்டில், அலமாரி, பேட்டரி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஏறியபின் நமக்கென்று மிஞ்சுவது சில நூறு கிலோதான். நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. அதோடு அரிசி மூட்டை, பருப்பு டப்பாக்கள், இரும்பு தோசைக்கல், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய ஊறுகாய் ஜாடி. வாங்கும் முன்பே, தண்ணீரும் டீசலும் நிரப்பி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். மொத்த எடை மட்டும் போதாது, பின் அச்சின் எடையும் தனியாகத் தெரிய வேண்டும்; கட்டிலுக்கு அடியில் கனமெல்லாம் சேர்ந்துவிடுவதால் அதுதான் முதலில் எல்லையைத் தாண்டும். எங்கள் வண்டி முழுச் சுமையுடன் 3,380 கிலோ நின்றது. அதிகாரிகள் வழியில் நிறுத்தி எடை போடுவது அபூர்வம்தான், ஆனால் உண்டு.

காப்பீட்டு விஷயத்தில் உண்மையை மட்டும் சொல்லுங்கள். உள்ளே என்ன மாற்றியிருந்தாலும் வண்டிப் பதிவில் 'மோட்டார் கேரவன்' என்று போடுவதற்கு அரசாங்கம் வெளித்தோற்றத்தையும் பார்க்கிறது: பக்கவாட்டு ஜன்னல்கள், வெளியே விரிக்கும் பந்தலுக்கான சட்டம், பக்கங்களில் கேரவன் பாணி வரைபடங்கள், உயர்ந்த கூரை. பலருக்கு 'ஜன்னல் உள்ள வேன்' என்றே கிடைக்கிறது. அது குற்றமல்ல. ஆனால் பதிவில் இருப்பது இது, உள்ளே இருப்பது இது, இதில்தான் முழுநேரமும் வாழ்கிறோம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். விடுமுறைக்கு மட்டும் பயன்படுத்தும் வண்டிக்கான பாலிசி, குடியிருப்பவருக்கு ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. லண்டன் பக்கம் போவதாக இருந்தால் டீசல் எஞ்சின் யூரோ 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரமா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு கட்டணம். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் அது பொருந்தும்.

சரி, இப்போது ஈரத்துக்கு வருவோம். குளிர்நாட்டில் வேன் வாழ்க்கையின் பாதிச் சண்டை ஈரத்தோடுதான். நம் சமையல் அதில் எரிகிற தீயில் எண்ணெய்.

இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டாலே ஜன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழியும். அதன்மேல் கேஸ் அடுப்பு. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. அடுப்பில் எதுவும் வைக்காவிட்டாலும் வருவது அது. அதன்மேல் இட்லி வைத்தால்? முதல் ஈடு வேகும்போதே கூரைப் பலகை வியர்த்து, மூடியைத் திறக்கும் நேரத்தில் சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழும். சுவரில் தெரியும் ஈரத்தைத் துடைத்துவிடலாம். மெத்தைக்கு அடியில், அலமாரியின் பின்பக்கம், குளிர்ந்த தகட்டில் போய் உட்காரும் ஈரம்தான் பூஞ்சையாகும். பட்டுப்புடவை, சான்றிதழ், கல்யாண ஆல்பம் இதெல்லாம் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

நாங்கள் செய்வது இதுதான். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் காற்று வெளியேற்றும் மின்விசிறி, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் விரலளவு திறப்பு; வெளியே உறைபனியாக இருந்தாலும் சமைக்கும்போது இரண்டும் உண்டு. விசிறி மட்டும் ஓடி ஜன்னல் மூடியிருந்தால் பயனில்லை, காற்று உள்ளே வந்தால்தான் வெளியே போகும். சோற்றைக் கஞ்சி வடிக்காமல், குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து, ஒரு விசில் வந்ததும் அணைத்துத் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். அடங்கும் சூட்டிலேயே வெந்துவிடும்; கேஸும் மிச்சம், ஆவியும் குறைவு. மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள். தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைப்பது அவர் வேலை. தாளிப்பு வாசனைக்கு மட்டும் இதுவரை வைத்தியம் கிடைக்கவில்லை. வார்டில் ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு உன் யூனிஃபார்ம்ல நல்ல வாசனை" என்று சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது வேலை உடைகள் காற்றுப் புகாத பெட்டியில். மீன் வறுப்பது வெளியில், காற்றடிக்கும் திசை பார்த்து, சின்ன அடுப்பில்.

இட்லி அடியோடு நின்றுவிடவில்லை. மாவு புளிக்கச் சூடு வேண்டுமே என்று கவலைப்படுபவர்களுக்கு: டீசல் ஹீட்டரின் காற்றுக் குழாய் போகும் அலமாரியில் இரவு வைத்தால் ஊரில் போலப் பொங்கும். பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்புங்கள். வேனில் பொங்கி வழிந்தால் கழுவ இடம் கிடையாது.

மிக்ஸி ஓடுமா என்ற கேள்வி இல்லாமல் எந்தப் பேச்சும் முடிவதில்லை. மின்சாரத்தை ஆம்பியர் கணக்கில் சொன்னால் யாருக்கும் ஏறாது, நமக்குப் பழகிய யூனிட் கணக்கில் சொல்கிறேன். எங்களிடம் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. முழுதாக நிரம்பினால் கிட்டத்தட்ட இரண்டரை யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகியவளுக்கு இது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட் எடுக்கும். அவர் லேப்டாப்பும் இணைய ரவுட்டரும் சேர்ந்து இன்னொரு அரை யூனிட். 750 வாட் மிக்ஸி சட்னிக்கு மூன்று நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அளவில் பிரச்சினை இல்லை, இழுப்பில்தான் பிரச்சினை. மிக்ஸி கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் பெரியதாகவும், அதற்குப் போகும் வயர் தடிமனாகவும் இருக்க வேண்டும். 1,500 வாட்டுக்குக் குறையாத, சுத்தமான அலை (ப்யூர் சைன் வேவ்) தரும் இன்வெர்ட்டராக வாங்குங்கள். மின்சாரக் கெட்டில், ஹேர் டிரையர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் மறந்துவிடுவது நல்லது.

சோலாரை நம்பி வருபவர்கள் டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் படுத்துக் கிடக்கும் 300 வாட் பேனல் சூன் மாதத்தில் ஒரு யூனிட்டுக்கும் மேல் தாராளமாகத் தரும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லை, சூரியன் மரக்கிளை உயரத்துக்கு மேல் வருவதும் இல்லை. அப்போது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் சார்ஜரோ, வேன் நிறுத்தித் தங்கும் தளத்தில் கொடுக்கும் மின் இணைப்போ இல்லாமல் குளிர்காலம் தாண்டாது. இன்னொன்று, லித்தியம் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, கெட்டுவிடும். ஆகவே அது கதகதப்பான உட்பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டிக்கு அடியில் தொங்கக்கூடாது.

வெப்பத்துக்கு டீசல் ஹீட்டர் போல ஒன்று வராது. எரியும் புகை வெளியே போய்விடும், உள்ளே வருவது காய்ந்த சூடான காற்று. ஈரத்துக்கும் அதுதான் எதிரி. குளிர் இரவில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் டீசல் போகும். கேஸ் அடுப்பை ஏற்றி வைத்துக் குளிர்காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதனால் வரும் தலைவலி, மயக்கத்தைத் தூக்கம் என்றே நினைத்துக்கொள்வோம். கேரவனுக்கும் படகுக்கும் என்றே அலாரம் விற்கிறார்கள். தலைமாட்டுப் பக்கம் ஒன்று கட்டாயம். கேஸ் சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குத் தரையில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். குளிர்காலத்துக்குப் புரொபேன், அதாவது இங்கே சிவப்புச் சிலிண்டர்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாக யாரும் பேசுவதில்லை, நான் நர்ஸ், எனக்குக் கூச்சமில்லை. வேனில் இருப்பது இருபது லிட்டருக்குள் அடங்கும் ஒரு பெட்டி. காகிதம் பயன்படுத்தும் இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினால் மறுநாளே நிரம்பிவிடும். தண்ணீர் இல்லாமல் எனக்கு ஆகாது, ஆகவே பிரசவமான பெண்களுக்குக் கொடுக்கும், வளைந்த மூக்குள்ள பிழியும் பாட்டில் ஒன்றை வைத்திருக்கிறோம். கால் லிட்டரில் காரியம் முடிந்துவிடும். பெட்டியைக் கொட்ட 'எல்சன் பாயிண்ட்' என்று பலகை போட்ட இடங்கள் தளங்களில் உண்டு; சாலையோரச் சாக்கடையில் கொட்டுவது அசிங்கம் மட்டுமல்ல, அது நேராக ஆற்றுக்குப் போகும். பண்ணை வீடுகளை ஒட்டிய சிறு தளங்களில் செப்டிக் டேங்க்தான் இருக்கும். அங்கே நீல ரசாயனம் ஊற்றியதைக் கொட்டினால் அதிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் தனித் தொட்டி. அரிசி களைந்த தண்ணீர் அதில் போனால் இரண்டாம் நாள் நாற்றம் தாங்காது. நான் அதை ஒரு வாளியில் பிடித்து வைத்துக் கொட்டுவேன். சாம்பார்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கம் போக எங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இருவருக்கும் சமையல், குடிநீர், முகம் கை கழுவ எல்லாம் சேர்த்து நாளைக்கு இருபது லிட்டருக்குள் இப்போது முடிகிறது. குளியல் மருத்துவமனையிலோ நீச்சல் குளத்திலோதான். உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினராவது எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பு வளைய அல்ல, வெந்நீருக்கு.

எங்கே நிறுத்துவது? ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் போடலாம் என்று கேள்விப்பட்டு வண்டியோடு கிளம்புபவர்கள் அதிகம். 2003-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் தந்த அந்த உரிமை நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு இல்லை. ஒற்றைத்தடச் சாலைகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் படுத்துத் தூங்குபவர்களால்தான் ஊர்க்காரர்களுக்கு வேன் என்றாலே எரிச்சல். இங்கிலாந்தின் கடற்கரைகளில் பல நிறுத்தங்களில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருக்கும், நுழையவே முடியாது. வண்டியின் உயரத்தை அடியிலும் மீட்டரிலும் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள். பாலத்துக்கு முன் நின்று கணக்குப் போட நேரமிருக்காது. எங்களுக்குப் பிடித்தது, கேரவன் சங்க உறுப்பினர்களுக்கென்று உள்ள, ஐந்து வண்டிக்கு மேல் விடாத சிறு பண்ணைத் தளங்கள். தண்ணீர் கிடைக்கும், கழிவைக் கொட்ட இடம் கிடைக்கும், கூட்டம் கிடையாது.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுத்திய வண்டியில் படுத்திருந்தாலும், சாவி உங்களிடம் இருந்து அளவுக்கு மேல் குடித்திருந்தால் 'வண்டியின் பொறுப்பில் இருந்தார்' என்று வழக்கு வரலாம். ஓட்டியிருக்க வாய்ப்பில்லை என்று காட்ட வேண்டிய பாரம் நம்முடையது. ஸ்காட்லாந்தில் அனுமதித்த அளவு இங்கிலாந்தைவிடக் குறைவு.

இரவு வேலை பார்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நான் காலையில் வந்து படுக்கும்போது அவர் எழுந்து வேலை தொடங்குகிறார். வீடாக இருந்தால் ஒரு கதவைச் சாத்தினால் முடிந்தது. வேனில் அவர் அலுவலகக் கூட்டத்தில் பேசுவது என் காதுக்கு இரண்டு அடி தூரத்தில். இருட்டுத் திரை, காதடைப்பான் எல்லாம் வாங்கினோம். கடைசியில் வழி கொடுத்தது உள்ளூர் நூலகம்தான். என் இரவு வேலை வாரங்களில் அவர் அங்கே போய்விடுவார். சண்டை வந்தால் எழுந்து போக இன்னொரு அறை இல்லை. ஒருவர் வெளியே நடக்கப் போக வேண்டும், மழை என்றால் குடை எடுத்துக்கொண்டு. திருமணமான புதிதில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் செய்வதில்லை.

இவ்வளவும் படித்த பிறகும் ஆசை இருந்தால், வாங்கும் முன் ஒரு கேம்பர் வேனைச் சனவரியிலோ பிப்ரவரியிலோ இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். ஆகஸ்டைவிட அப்போது விலையும் குறைவு. விடுப்பு எடுக்காதீர்கள், வழக்கம்போல வேலைக்குப் போங்கள், வழக்கம்போல சமையுங்கள், துணி துவையுங்கள். தளங்கள் பல நவம்பரிலிருந்து மார்ச் வரை மூடிக் கிடக்கும், போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். உறைந்துவிடும் என்று வெளிக்குழாய்களை அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடைத்திருந்தால் பத்து லிட்டர் கேன் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பெரியது வேண்டாம், தூக்க முடியாது.